தவழும் குழந்தையும் வீட்டுத் தூசியில் சேரும் வேதிப்பொருள்களும்

கேள்வி:
எங்கள் மகளுக்கு ஒன்பது மாதம் ஆகிறது. தரையில் தவழ்ந்துவிட்டு உடனே கையை வாயில் வைக்கிறாள். சோபா, மின்னணுக் கருவிகள் முதலியவற்றிலுள்ள வேதிப்பொருள்கள் தூசியில் சேர்வதாகப் படித்தேன். பொருளுக்குள் இருப்பது எவ்வாறு வெளியேறுகிறது? தினமும் பெருக்கினால் போதுமா?

மறுமொழி 1:
தீ எளிதில் பற்றாதிருக்கச் சேர்க்கப்படும் பல தீத்தடுப்பான்களும், பிவிசி பிளாஸ்டிக்கை மென்மையாக்கும் தாலேட்டுகளும் வேதிப்பிணைப்பின்றி வெறுமனே கலக்கப்படுபவை என்பதால், ஆண்டுக்கணக்கில் சிறிது சிறிதாக ஆவியாகியும், தேய்மானத்தில் துகள்களாக உதிர்ந்தும் தூசியில் படிகின்றன. வெயிலும் மழையும் படாத வீட்டுக்குள் அவை எளிதில் சிதைவதில்லை. பிபிடிஇ எனப்படும் புரோமின் தீத்தடுப்பான்களில் சில 2009இலும், டெக்கா வகை 2017இலும் எளிதில் சிதையாத நச்சு வேதிப்பொருள்களைத் தடைசெய்யவோ கட்டுப்படுத்தவோ செய்யும் பன்னாட்டு ஒப்பந்தமான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் பட்டியலில் சேர்க்கப்பட்டன. ஆயினும் பழைய இருக்கைகளின் நுரையிலிருந்து அவை இன்றும் வெளியேறக்கூடும். உறை கிழிந்து நுரை பொடியாகும் இருக்கை இருந்தால், அதை முதலில் அகற்றுங்கள்.

மறுமொழி 2:
உலர்ந்த துடைப்பம் நுண்துகள்களைக் காற்றில் எழுப்பிவிடும். ஈரத்துணியால் துடைப்பதும், நுண்துகள்களையும் பிடித்துவைக்கும் ஹெப்பா (HEPA) வடிகட்டியுள்ள தூசியுறிஞ்சியைப் பயன்படுத்துவதும் மேல். ஆனால் என் பார்வையில், உணவுக்கு முன் குழந்தையின் கைகளைச் சோப்பிட்டுக் கழுவுவதே எல்லாவற்றிலும் முக்கியம், ஏனெனில் இவ்வயதில் தூசி பெரும்பாலும் கைவழியாகவே வாய்க்குள் செல்கிறது.

மறுமொழி 3:
ஒரு வேதிப்பொருள் தூசியில் கண்டறியப்பட்டது என்பதாலேயே நோய் வரும் என்று பொருளல்ல. அளவும் காலமும் முக்கியம். வீடு பழையதாயின், உதிரும் வண்ணப்பூச்சில் ஈயம் உள்ளதா என்பதையும் அவசியம் சோதியுங்கள்.