ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தை ஒரு பாடற்குழு காப்பாற்றியது உண்மைதானா?

கேள்வி:
அமெரிக்கக் கறுப்பின மக்களுக்காக எழுந்த கல்லூரிகளைப் பற்றிப் படித்துவருகிறேன். நாஷ்வில் நகரின் ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தை அதன் மாணவர்களே பாட்டுப் பாடிக் கடனிலிருந்து மீட்டார்கள் என்று நண்பர் ஒருவர் சொன்னார். செவிவழிக் கதைபோல் படுகிறது. அங்கு மாணவர் வாழ்க்கை எப்படி இருந்தது என்பதையும் அறிய விரும்புகிறேன்.

பதில் 1:
கதையன்று, நடந்ததுதான். உள்நாட்டுப் போர் முடிந்த மறு ஆண்டு, 1866இல், படை மருத்துவமனையாக இருந்த கொட்டகைகளில் தொடங்கிய பள்ளி அது. ஐந்தே ஆண்டுகளில் மூடும் நிலை வந்தபோது, பொருளாளரும் இசையாசிரியருமான ஜார்ஜ் ஒயிட் ஒன்பது மாணவர்களை அழைத்துக்கொண்டு 1871 அக்டோபர் 6 அன்று ஊர் ஊராகப் பாடப் புறப்பட்டார். தொடக்கத்தில் சின்சினாட்டியில் சேர்ந்த ஐம்பது டாலருக்கும் குறைவான தொகையையும், அப்போதுதான் தீக்கிரையாகியிருந்த சிகாகோ மக்களுக்கே கொடுத்துவிட்டார்கள். ஜூபிலி பாடகர்கள் என்று பெயர் பெற்ற இக்குழுவினர் 1873இல் விக்டோரியா அரசியார் முன்னிலையில் பாடினார்கள். பாடிச் சேர்த்த பணத்தில் எழுந்த ஜூபிலி மண்டபம் 1876இல் திறக்கப்பட்டது.

பதில் 2:
ஒன்றைச் சேர்க்க வேண்டும். அடிமைக் காலப் பாடல்களை மேடையில் பாட அவர்கள் முதலில் தயங்கினார்கள். அவை தம் பெற்றோருக்குப் புனிதமானவை, பிறர் காதுக்குரியவை அல்ல என்று கருதியதாகக் குழுவின் பியானோ கலைஞர் எல்லா ஷெப்பர்ட் பின்னாளில் எழுதினார். அவரையே தந்தை விலை கொடுத்து அடிமைத்தனத்திலிருந்து மீட்டிருந்தார். ஆயினும் அவையோரை உருக்கியவை அந்தப் பாடல்கள்தாம்.

பதில் 3:
மாணவர் வாழ்க்கையைப் பற்றி யாரும் சொல்லவில்லையே! 1920களில் பல்கலைக்கழகத் தலைவராக இருந்த மெக்கென்சி மாணவர் மன்றத்தைக் கலைத்தார். மாணவியரின் உடைக்கும், ஆணும் பெண்ணும் சேர்ந்து நடப்பதற்கும்கூடக் கடும் விதிகள் இருந்தன. வெள்ளையர் நன்கொடைக்காகவே இந்த அடக்குமுறை என்று, 1888இல் அங்கே பட்டம் பெற்ற கறுப்பின அறிஞர் டு பாய்ஸ், 1924இல் அதே வளாகத்தில் நின்று சாடினார். அடுத்த பிப்ரவரியில் மாணவர்கள் கிளர்ந்தெழ, காவலர்கள் வளாகத்துக்குள் அழைக்கப்பட்டார்கள். மாணவர்கள் வாரக்கணக்கில் வகுப்புகளைப் புறக்கணித்தார்கள். ஏப்ரலில் மெக்கென்சி பதவி விலகினார். என் பார்வையில், 1960இல் நாஷ்வில் உணவகங்களில் இனப்பாகுபாட்டை எதிர்த்து அமர்ந்த டயான் நாஷ் போன்ற ஃபிஸ்க் மாணவர்களுக்கு இதுவே முன்னோடி.

கேட்டவர்:
மிக்க நன்றி. அந்த மண்டபம் இன்னும் இருக்கிறதா?

பதில் 1:
இருக்கிறது. நெடுங்காலம் மாணவியர் விடுதியாக விளங்கியது. இங்கிலாந்தில் தீட்டப்பட்ட, ஆளுயரத்துக்கும் மேற்பட்ட அந்த முதற்குழுவின் ஓவியம் உள்ளே தொங்குகிறது. அக்டோபர் 6ஆம் நாளை இன்றும் ஜூபிலி நாளாகக் கொண்டாடுகிறார்கள்.