கும்பகோணம் பள்ளித் தீ விபத்து (2004): ஜூலை 16 அஞ்சலிக்குப் போனவர்கள் எழுதுங்கள்

குடவாசல்காரன்:
20ஆம் ஆண்டு, 2024இல் போயிருந்தேன். காசிராமன் தெரு, பள்ளி வாசல், தீயில் இறந்த 94 பிள்ளைகளின் படம் போட்ட பதாகை, எல்லோருக்கும் தெரிந்ததுதான். கீழே பெற்றோர் வைத்த மிட்டாய், முறுக்கு, சின்னச் சின்ன கவுன்கள். அவற்றின் நடுவே ஒருவர் முழுக்கைச் சட்டை ஒன்றை மடிப்புக் கலையாமல் வைத்தார். பெரிய ஆள் போடும் சட்டை. படத்தில் பையனுக்கு ஏழு வயது இருக்கும். நான் பார்ப்பதைக் கவனித்துவிட்டு, "இந்த வருஷம் அவனுக்கு இருபத்தேழு. என் தோளில் வைத்து அளவு பார்த்துதான் வாங்கினேன், சரியாக இருக்கும் இல்லையா?" என்றார். "இருக்கும் ஐயா" என்றேன். அதற்கு மேல் வாய் வரவில்லை. வேறு என்ன சொல்லியிருக்கலாம் என்று இன்றுவரை மனத்தில் ஓடுகிறது.

காவிரிக்கரை:
நான் மாலையில் போனேன். மகாமகக் குளத்தில் மோட்ச தீபம். ஓர் அம்மா அகலை ஏற்றி முடித்துவிட்டார். படம் சரியாக விழவில்லை, மறுபடி ஏற்றுங்கள் என்றார் கேமராக்காரர். அந்த அம்மா மறுபேச்சு பேசாமல் விளக்கை ஊதி அணைத்துவிட்டு மறுபடி ஏற்றினார். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. இத்தனை வருடம் கழித்து எதற்கு இந்தக் கூட்டம்? அவரவர் வீட்டில் விளக்கேற்றட்டும். மேலே சொன்ன சட்டையும் அப்படித்தான். கூட்டம் கூட்டுவதால்தான் அந்த மனிதர் இன்னும் கடை கடையாக அளவு பார்க்கிறார்.

பாலக்கரை வீடு:
காவிரிக்கரை, கோபத்தோடுதான் எழுதுகிறேன். எங்கள் உறவில் ஒரு பெரியம்மாவுக்கு அந்தத் தீயில் மகள் போனாள். வருடம் முழுவதும் அவர் எதிரில் அந்தப் பெயரை யாரும் எடுப்பதில்லை, அழுதுவிடுவாரே என்று. ஜூலை 16 அன்று மட்டும் மற்ற தாய்மார்கள் கையைப் பிடித்துக்கொண்டு, "உன் பெண் என் பையனோடு சண்டை போடுவாளே" என்று பேசுகிறார்கள். அன்று வீட்டுக்கு வந்து பெரியம்மா தானாகத் தட்டெடுத்து வைத்துச் சாப்பிட்டார். மற்ற நாளில் நாங்கள் கெஞ்ச வேண்டும். தள்ளி நிற்கச் சொல்ல வேண்டியது கேமராவை, பெற்றோரை அல்ல.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்:
பாலக்கரை நினைவிடத்தில் ஒரு குழந்தையின் முகம் என் மாணவியின் சாயலில் இருந்தது. நிற்க முடியாமல் திரும்பிவிட்டேன். இப்போது ஆசிரியர்களுக்குச் சில வார்த்தைகள். சத்துணவுக் கூடத்தில் பிடித்த தீ வகுப்பறையின் கீற்றுக் கூரைக்குத் தாவியது. மாடியில் இருந்த பிள்ளைகள் இறங்கக் குறுகலான படிக்கட்டுதான். அதன் பிறகு பள்ளிகளில் கீற்றுக் கூரை கூடாது என்றானது. கூரை மாறினால் போதாது. முன்னறிவிப்பில்லாமல் மணி அடித்து, பிள்ளைகளை மாடியிலிருந்து இறக்கிப் பாருங்கள். எந்தக் கதவில் பூட்டு தொங்குகிறது, சாவி யாரிடம் இருக்கிறது, தீயணைப்பு உருளையை இயக்கத் தெரிந்தவர் அன்று விடுப்பில் இருந்தால் என்ன செய்வது? ஆண்டு விழாவுக்கு முன் வாசலில் நாற்காலிகளை அடுக்கி வைக்கும் பழக்கத்தை விடுங்கள். அஞ்சலிக்குப் போகிறவர்கள் பெற்றோரிடம் வழக்கு என்ன ஆயிற்று என்று கேட்காதீர்கள். 2014இல் தஞ்சாவூர் நீதிமன்றத்திலும் 2017இல் உயர் நீதிமன்றத்திலும் வந்த தீர்ப்புகள் அவர்களுக்கு மனப்பாடம். பிள்ளையின் பெயரைக் கேளுங்கள், என்ன பிடிக்கும் என்று கேளுங்கள்.

காவிரிக்கரை:
பாலக்கரை வீடு, பெரியம்மா சாப்பிட்டதைப் படித்தேன். ஆனாலும் அந்த விளக்கை அணைக்க வைத்ததை என்னால் விட முடியாது. அடுத்த ஜூலையில் குளக்கரையில் கேமராக்களைப் படிக்கு மேலேயே நிறுத்த ஆட்கள் வேண்டும். யார் யார் வருகிறீர்கள்?