காரைக்குடியில் குடியேற: அடுக்குமாடி வாடகையா, பழைய வீட்டின் பின்கட்டு ஒத்தியா?

கேள்வி (சேலத்துக்காரன்):
அடுத்த மாதம் அழகப்பா பல்கலைக்கழகத்தில் பணியில் சேரவிருப்பதால் அம்மாவை அழைத்துக்கொண்டு காரைக்குடிக்குக் குடிவருகிறேன். சென்ற வாரம் பார்த்த வீடுகளில் இரண்டு பிடித்திருக்கின்றன. ஒன்று, கழனிவாசல் பக்கம் புதிய அடுக்குமாடியின் இரண்டாவது மாடி. வாடகை 9,000 ரூபாய், முன்பணம் 60,000 ரூபாய். லிப்ட் இல்லை, அம்மாவுக்கோ முழங்கால் வலி. மற்றொன்று, கோட்டையூரில் ஒரு நகரத்தார் வீட்டின் பின்கட்டு. உரிமையாளர்கள் சென்னையிலும் மலேசியாவிலும் இருக்கிறார்கள். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர், மாத வாடகையே வேண்டாம், 4 லட்சம் ரூபாய்க்கு மூன்று ஆண்டு ஒத்தி (பணத்தை மொத்தமாகக் கொடுத்துக் குடியிருந்து, காலம் முடிந்ததும் திரும்பப் பெறுவது), 20 ரூபாய் முத்திரைத்தாளில் எழுதிக்கொள்ளலாம் என்கிறார். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் வெறுங்காலோடு ஒருமுறை நடந்த அம்மா, இனி வேறு வீடு பார்க்காதே என்று சொல்லிவிட்டார். ஒத்தியைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. தெரிந்தவர்கள் வழிகாட்ட வேண்டும்.

பதில் 1 (பழைய குடித்தனக்காரர்):
தம்பி, ஒத்தி நல்லதா கெட்டதா என்பதைப் பிறகு பார்க்கலாம். அதில் கையெழுத்துப் போடப்போவது யார் என்று முதலில் கேளுங்கள். இங்கே நகரத்தார் வீடுகளில் மகனுக்குத் திருமணமானதும் அவன் தனிப் புள்ளி, அதாவது கணக்கில் தனிக் குடும்பம், ஆகிவிடுவான். வளவை, அதாவது நடு முற்றத்தை, சுற்றியுள்ள அறைகளில் ஒன்று அவனுக்கென்று ஒதுக்கப்படும். மூன்று நான்கு தலைமுறை கடந்த வீட்டுக்கு எத்தனை பங்காளிகள் இருப்பார்கள் என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள். முகப்பும் வளவும் எல்லோருக்கும் பொது. வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் சாவி இருக்கலாம், உரிமை இருக்காது. ஒரு பங்காளி தம் பங்கை மட்டும் எழுதிக்கொடுத்தாலும், பிரிக்கப்படாத குடும்ப வீட்டில் மற்றவர்களோடு சேர்ந்து குடியிருக்கும் உரிமையை வெளியாள் கோர முடியாது என்று 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், பிரிவு 44, சொல்கிறது.

நூறு ரூபாயும் அதற்கு மேலும் உள்ள தொகைக்கு ஒத்தி எழுதினால் இரண்டு சாட்சிகளோடு பத்திரப்பதிவு செய்தே ஆக வேண்டும் என்பதும் அதே சட்டம்தான். 20 ரூபாய்த் தாளை நம்பி 4 லட்சத்தைக் கொடுத்தால், பின்னாளில் பணம் கேட்டு அலைய வேண்டியதுதான். இதை நான் ஏட்டில் படித்துச் சொல்லவில்லை. என்னிடம் ஒத்திப் பணம் வாங்கிய பங்காளி காலமான பிறகு, மற்ற பங்காளிகள் அந்தப் பணத்தைப் பற்றித் தங்களுக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டார்கள். மூன்றில் ஒரு பங்கைத் திரும்பப் பெறுவதற்குள் நான்கு ஆண்டுகள் ஓடிவிட்டன. வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். மலேசியாவிலிருந்து அதிகாரப் பத்திரம் (பவர் ஆஃப் அட்டர்னி) வந்திருப்பதாகச் சொன்னால், இந்தியாவுக்கு வந்த 3 மாதத்துக்குள் அதற்கு முத்திரைத் தீர்வை கட்டப்பட்டதா என்றும் பாருங்கள்.

பதில் 2 (கல்லூரிச் சாலை அம்மா):
அடுக்குமாடியைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே. வேறு விதமாக ஒப்புக்கொண்டால் ஒழிய, முன்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது என்று 2019இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் சொல்கிறது. 9,000 ரூபாய் வாடகைக்கு அது 27,000 ரூபாய்தான். அந்த 'ஒப்புக்கொண்டால்' என்ற சொல்லை வைத்துத்தான் எல்லோரும் அதிகமாகக் கேட்கிறார்கள்; கூசாமல் பேரம் பேசுங்கள். ஒப்பந்தத்தை எழுத்தில் வாங்கி, வாடகை அதிகாரியிடம் பதிவு செய்து, பதிவெண்ணையும் பெற்றுக்கொள்ளுங்கள். மின்சாரத்துக்குத் தனி மீட்டரா, சப் மீட்டரா? சப் மீட்டரானால் யூனிட்டுக்கு எவ்வளவு என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள். மாடி வீட்டுக்குத் தண்ணீர் எப்போது ஏறுகிறது என்பதைப் புரோக்கரிடம் கேட்காதீர்கள், கீழ்வீட்டுப் பெண்களிடம் கேளுங்கள். முழங்கால் வலிக்கு இரண்டாவது மாடி ஒத்துவராது என்பது மட்டும் உறுதி.

பதில் 3 (பங்காளிகளில் ஒருவன்):
பழைய குடித்தனக்காரர் பட்டவர், அதனால் அப்படி எழுதுகிறார். அவர் சொன்ன சட்டத்தில் தவறில்லை. ஆனால் ஆள் குடியிருக்காத வீட்டில் ஓடு சரிவதும் கரையான் ஏறுவதும் எத்தனை விரைவாக நடக்கும் என்று எங்களுக்குத் தெரியும் என்பதால், நல்ல குடித்தனம் வந்தால் பங்காளிகள் மகிழத்தான் செய்வார்கள். ஒத்தியை விட்டுவிட்டு, பின்கட்டை மட்டும் மாத வாடகைக்குக் கேட்டுப் பாருங்கள். பங்காளிகள் அனைவரும் ஒருவருக்கு எழுத்தில் அதிகாரம் கொடுத்து, அவரே ஒப்பந்தத்தில் கையெழுத்திடட்டும். முன்னோருக்குப் படையலிடும் படைப்புக்கும் திருமணத்துக்கும் எல்லோரும் வந்து இறங்குவார்கள். அந்த நாட்களில் கிணற்றடியும் பின்வாசலும் யாருக்கு என்பதை இப்போதே பேசிக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் குடித்தனக்காரரோடு வந்த ஒரே சண்டை, படைப்பன்று பின்வாசலில் அவர் நிறுத்தியிருந்த காரால் வந்தது.

சேலத்துக்காரன்:
அனைவருக்கும் நன்றி. பெரியவரிடம் தொலைபேசியில் பங்காளிகள் எத்தனை பேர் என்று கேட்டேன். பதினொரு புள்ளி என்றார். சற்று யோசித்துவிட்டு, பன்னிரண்டு என்று திருத்தினார். ஒத்தி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மாத வாடகைக்கு அவர்கள் சம்மதிக்கிறார்களா என்று பார்க்கிறேன். அதுவரை கழனிவாசலிலேயே தரைத்தளமாக ஏதேனும் கிடைக்குமா என்றும் தேடுகிறேன்.