இருமலே இல்லாமல் வந்த நிமோனியா

எங்கள் பூனைக்கு நிமோனியா வந்தபோது ஒரு தடவைகூட இருமவில்லை. இருமினால்தான் நெஞ்சுச் சளி என்று நினைப்பவர்கள் நிறைய பேர் இருப்பதால் இதை எழுதுகிறேன்.

முதலில் வெறும் தும்மல், மூக்கொழுகல். அது குறைந்து வரும் நேரத்தில் சாப்பாட்டை முகர்ந்து பார்ப்பதையே நிறுத்திவிட்டாள். கட்டிலுக்கு அடியில் ஒடுங்கிப் படுத்தாள். தூங்கும்போது வயிறு வேகமாக ஏறி இறங்கியது. எண்ணிப் பார்த்தால் நிமிடத்துக்கு 50-ஐத் தாண்டியது. தூங்கும் பூனைக்குப் பொதுவாக 30-க்குள் இருக்க வேண்டும். உடனே தூக்கிக்கொண்டு கிளம்பினோம்.

மருத்துவர் முதலில் ஆக்சிஜன் கூண்டில் வைத்தார். மூச்சு கொஞ்சம் நிதானமான பிறகுதான் எக்ஸ்ரே. திணறுகிற பூனையை அழுத்திப் பிடித்துப் படமெடுப்பதே உயிருக்கு ஆபத்தாகலாம் என்றார். காய்ச்சல் இல்லை. நிமோனியா வந்த பூனைகள் பலவற்றுக்கு இருப்பதில்லையாம். ஆஸ்துமாவும், இதயக் கோளாறால் நுரையீரலில் நீர் கோப்பதும் வெளியே பார்க்க இதே மாதிரி இருக்கும். அதனால் மூச்சுக்குழாயைக் கழுவி எடுத்த திரவத்தைக் கல்ச்சருக்கு (கிருமியை வளர்த்துக் கண்டுபிடிக்கும் சோதனைக்கு) அனுப்பினார். போர்டெடெல்லா என்ற பாக்டீரியா என்று வந்தது. ஹெர்பஸ், கலிசி மாதிரி வைரஸ்கள் சுவாசப் பாதையைப் பலவீனமாக்கிய பிறகு பாக்டீரியா நுரையீரலுக்கு இறங்குவது உண்டு என்று விளக்கினார்.

டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக் மாத்திரை கொடுத்தார்கள். இதில் ரொம்பக் கவனம் வேண்டும்: மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டால் அங்கே புண்ணாகி, குழாயே சுருங்கிவிடலாம். ஒவ்வொரு முறையும் மாத்திரைக்குப் பின்னால் சிரிஞ்சில் சிறிது தண்ணீர் கொடுத்து விழுங்க வைத்தோம். உப்புநீர் நெபுலைசர் வைத்து, அப்புறம் உள்ளங்கையைக் குவித்து விலாவில் மெதுவாகத் தட்டச் சொன்னார்கள். சளி இளகி வெளியேற அது உதவும்.

எனக்குப் பெரிய பயம் சாப்பாடுதான். பூனை சில நாள் பட்டினி கிடந்தாலே கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து ஆபத்தாகிவிடும். அதற்காக மூச்சு வாங்கும்போது வாயில் ஊட்டினால் உணவு நுரையீரலுக்குள் போய் நிலைமை இன்னும் மோசமாகும். அதனால் மூக்கு வழியாகக் குழாய் போட்டு உணவு கொடுத்தார்கள். மூச்சு சீரானதும் ஈர உணவை லேசாகச் சூடாக்கி வைத்தேன். வாசனைக்கு எழுந்து வந்தாள்.

விளையாட ஆரம்பித்த பிறகும் மருந்தை நிறுத்தவில்லை. அடுத்த எக்ஸ்ரேயில் நுரையீரல் தெளிந்ததைப் பார்த்துவிட்டு மருத்துவரேதான் நிறுத்தச் சொன்னார். பூனை வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ, ஈறு நீலம் பாய்ந்தாலோ விடியும்வரை காத்திருக்காதீர்கள். வீட்டில் இருக்கும் பாராசிட்டமாலைக் கொடுத்துவிடவே வேண்டாம், பூனைக்கு அது விஷம்.