மூடப்பட்ட இணைய உலகிலிருந்து கூட்டமாக எங்கே குடிபெயர்வது?

கேள்வி (கொழிஞ்சாம்பாறைக்காரர்):
நாங்கள் 11 பேர் ஆறு ஆண்டுகளாகச் சேர்ந்து விளையாடிய இணைய உலகம் சென்ற மாதம் மூடப்பட்டது. கடைசி இரவில், எங்கள் ஊர்த் திண்ணையைப் பார்த்து அங்கே கட்டியிருந்த மண்டபத்தில் அனைவரும் உட்கார்ந்திருக்கும்போதே திரை கறுத்து, 'இணைப்பு துண்டிக்கப்பட்டது' என்ற ஒற்றை வரி மட்டும் மிஞ்சியது. பிரிந்துவிடாமல் வேறோர் உலகிற்குச் செல்ல என்ன வழி?

பதில் (பாலக்காட்டு அண்ணன்):
தம்பி, முதலில் ஆட்களை ஒன்றாக வைத்திருங்கள். உலகைப் பிறகு தேடலாம். 2004 பிப்ரவரியில் 'ஊரு லைவ்' (Uru Live) என்ற இணைய விளையாட்டு உலகம் மூடப்பட்டபோது, அதில் விளையாடியவர்கள் கூட்டமாகவே 'தேர் டாட் காம்', 'செகண்ட் லைஃப்' ஆகிய வேறு இணைய உலகங்களுக்குச் சென்று, பழைய உலகின் இடங்களைத் தங்கள் கைகளாலேயே மறுபடி கட்டினார்கள். புதிய இடத்தில் முன்பே இருந்தவர்களில் சிலர் இந்தத் திடீர்க் கூட்டத்தை விரும்பவில்லை என்பதையும் மனத்தில் வையுங்கள். போனவுடன் பெரிய நிலம் பிடிக்க வேண்டாம்.

பதில் (நகரிவாசி):
புதிய உலகைத் தேர்ந்தெடுக்கும்போது, அங்கே கட்டியதை வெளியே எடுக்க முடிகிறதா என்று பாருங்கள். இப்படிப்பட்ட உலகங்களை நாமே நடத்த உதவும் 'ஓப்பன்சிமுலேட்டர்' மென்பொருளில் ஒரு நிலப்பகுதி முழுவதையும் கோப்பாகச் சேமித்து, வேறு சர்வரில் ஏற்றிக்கொள்ளலாம்.

கேட்டவர்:
மிக்க நன்றி அண்ணா. மண்டபத்தின் திரைப்பிடிப்புகள் (ஸ்கிரீன்ஷாட்) என்னிடம் உள்ளன. ஞாயிறன்று தூண்களிலிருந்து தொடங்குகிறோம்.