த்ராட்டில் லிங்கேஜ்: காலையில் சரியாக இருந்தது, பதினொரு மணிக்கு மாறிப்போனது

கிருஷ்ணகிரி அணைக்குப் போகிற வழியில், கடலை பிடுங்கிவிட்டுச் சும்மா கிடந்த ஒரு மேட்டு நிலத்தில் ரிமோட்டில் ஓட்டும் மாதிரி விமானங்களைப் பறக்கவிடுகிறோம். சுற்றிலும் மாந்தோப்பு. என்னுடையது 46 அளவு (0.46 கன அங்குலம்) க்ளோ இன்ஜின் (மெத்தனால் கலந்த எரிபொருளில் ஓடும் சிறிய இன்ஜின்) போட்ட ட்ரெய்னர், அதாவது பழகுவதற்கான விமானம். இன்ஜின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலை, சர்வோ என்ற சிறு மோட்டாரோடு இணைக்கும் ராடுதான் த்ராட்டில் லிங்கேஜ். போன மாசியில் நடந்தது இது.

காலை ஆறரை மணி, பனி இன்னும் விடவில்லை. ஐட்லிங்கில் இன்ஜின் அவ்வளவு அழகாக, மெதுவாக ஓடியது. மூன்று தடவை ஏற்றி இறக்கினேன். பதினொரு மணிக்கு நாலாவது தடவை இறக்க வரும்போது ட்ரான்ஸ்மிட்டரில் (கையில் பிடிக்கும் ரிமோட்) த்ராட்டில் ஸ்டிக்கை அடிவரை இழுத்தும் இன்ஜின் அடங்கவில்லை. விமானம் தரையைத் தொடாமல் மிதந்துகொண்டே போய்த் தோப்போரத்து மரத்தில் மோதியது. ட்ரிம்மை (ஸ்டிக்கின் நிலையைச் சிறிது நகர்த்தும் பொத்தான்) இறக்கி இன்ஜினை நிறுத்தியிருக்கலாம், அந்த நேரத்தில் கை அங்கே போகவில்லை. இடது இறக்கையின் நுனி நொறுங்கிவிட்டது. பூ விட்டிருந்த கிளை ஒன்றும் முறிந்தது. தோப்புக்காரரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். கிளையைப் பார்த்துவிட்டு, "ஆளுக்கு ஒண்ணும் ஆகலையே, விடுங்க" என்றார்.

சர்வோ, பேட்டரி, ட்ரான்ஸ்மிட்டர் எல்லாம் சரியாகவே இருந்தன. எங்கள் தெருவில் பைக் பட்டறை வைத்திருக்கும் அண்ணன்தான் கண்டுபிடித்தார். "தம்பி, உள்ள போற ராடு பிளாஸ்டிக்கா? வெயில்ல நீளும்." நம்பாமல் வீட்டில் சோதித்தோம். விமானத்திலுள்ள ரிசீவரை ஆன் செய்து ஸ்டிக்கைக் கீழே வைத்து, கார்புரேட்டர் வாய்க்குள் டார்ச் அடித்தோம். நிழலில் பேரல் (காற்று போகும் வழியைத் திறந்து மூடும் உருளை) ஒரு மில்லிமீட்டர் பிளவு விட்டிருந்தது. அரை மணி நேரம் வெயிலில் வைத்துவிட்டுப் பார்த்தால் அந்தப் பிளவு கண்ணுக்குத் தெரிகிற மாதிரி அகன்றிருந்தது. 30 செ.மீ. நைலான் ராடு 15 டிகிரி சூடு ஏறினால் அரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக நீளும். மற்ற இடத்தில் அது ஒன்றுமே இல்லை. ஐட்லிங்கில் மொத்தப் பிளவே ஒரு மில்லிமீட்டர்தானே! என் விமானத்தில் ராடு முன்னால் தள்ளினால் த்ராட்டில் திறக்கும், அதனால் வேகம் கூடியது. எதிர்ப்பக்கம் அமைந்திருந்தால் இறங்கும்போது இன்ஜினே அணைந்திருக்கும்.

ராடு ஓடும் வெளிக்குழாயை அப்படியே விட்டு, உள்ளே நைலானுக்குப் பதில் மெல்லிய எஃகுக் கம்பி போட்டேன். பிறகு முதலிலிருந்து செட் செய்தேன். ஸ்டிக்கும் ட்ரிம்மும் நடுவில், சர்வோ ஆர்ம் (சர்வோவின் திரும்பும் கை) கம்பிக்குச் செங்குத்தாக, பேரல் பாதி திறந்து: இந்த நிலையில்தான் க்ளெவிஸை (கம்பி முனையை ஆர்மோடு பிணைக்கும் கவ்வி) மாட்ட வேண்டும். ஸ்டிக் மேலே போனால் பேரல் முழுக்கத் திறக்க வேண்டும். கீழே வந்தால் ஒரு மில்லிமீட்டர் பிளவு. ட்ரிம்மையும் இறக்கினால் முழுக்க மூடி இன்ஜின் அணைய வேண்டும். நகர்வு அதிகமென்றால் முதலில் சர்வோ ஆர்மில் உள்பக்கத் துளைக்கு மாற்றுங்கள். ட்ரான்ஸ்மிட்டரில் சர்வோ நகரும் எல்லையை வைக்கும் எண்ட் பாயிண்ட்டைத் தொடுவது கடைசி வேலை. அதை மட்டும் வைத்துப் பாதியாகக் குறைத்தால் ஸ்டிக்கில் நுணுக்கம் போய்விடும். மேல் முனையில் சர்வோ 'உர்ர்' என்று முனகினால் பேரல் முட்டி நிற்கிறது என்று அர்த்தம். பேட்டரியைக் குடித்துவிடும், உடனே சரிசெய்யுங்கள்.

தர்மபுரியிலிருந்து ஒரு பதில்:

அண்ணா, நான் பெட்ரோல் இன்ஜின் ஓட்டுகிறேன். கார்புரேட்டர் ஆர்மும் உலோகம், நான் மாட்டிய க்ளெவிஸும் உலோகம். பழைய எஃப்.எம். ரிமோட்டில் இன்ஜின் ஓடும்போது மட்டும் எலிவேட்டர் (விமானத்தின் மூக்கை ஏற்றி இறக்கும் வால் பலகை) துடிக்கும். இரண்டு உலோகம் உரசும்போது வரும் ரேடியோ இரைச்சல்தான் காரணம். இன்ஜின் பக்கம் நைலான் க்ளெவிஸ் போட்டதும் நின்றுவிட்டது. நீங்களும் எஃகுக் கம்பி போட்டிருக்கிறீர்கள், அந்த முனையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஓசூரிலிருந்து இன்னொன்று:

லிங்கேஜை மாற்றியவர்கள் ஃபெயில்சேஃபையும் (சிக்னல் போனால் ரிசீவர் சர்வோவைத் தானாகக் கொண்டுபோகும் நிலை) மறக்காதீர்கள். நான் ஆர்மை மறுபக்கம் திருப்பிப் போட்டு, ட்ரான்ஸ்மிட்டரில் த்ராட்டில் சேனலை ரிவர்ஸ் (திசை மாற்றம்) செய்தேன். ஓட்டிப் பார்த்தால் எல்லாம் சரி. ஆனால் என் ரிசீவர் பைண்ட் செய்தபோது (ட்ரான்ஸ்மிட்டரோடு இணைத்தபோது) இருந்த பழைய நிலையையே நினைவில் வைத்திருந்தது. ப்ரொப்பெல்லரைக் கழற்றி, இன்ஜின் ஓடாமல், ட்ரான்ஸ்மிட்டரை அணைத்துப் பார்த்தேன். பேரல் முழுக்கத் திறந்துகொண்டது. அன்று அப்படியே பறக்கவிட்டிருந்தால், சிக்னல் போன நொடியில் முழு வேகத்தில் ஊருக்குள் போயிருக்கும். மறுபடி பைண்ட் செய்தேன். இப்போது ட்ரான்ஸ்மிட்டரை அணைத்தால் பேரல் மூடுகிறது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் இன்ஜினைக் கிளப்புவதற்கு முன் இதைப் பார்த்துவிடுகிறேன்.