கல்லீரலுக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தவர்கள் இருக்கிறீர்களா?

வேளச்சேரிக்காரன்:

நாலு வருஷமாக ஆபீஸ் செக்கப் ரிப்போர்ட்டில் எனக்கு ஒரே வரிதான்: ஃபேட்டி லிவர், கிரேடு 2. நடுவில் ஒன்பது கிலோ குறைத்தேன். ராத்திரி பரோட்டாவை விட்டேன், காபிக்குச் சர்க்கரையை விட்டேன், விடியற்காலையில் எழுந்து ஏரிக்கரையில் நடந்தேன். அப்புறமும் கிரேடு 2. யாருக்காக இந்தப் பாடு என்று வெறுத்தே போய்விட்டது.

டாக்டர் சிரித்தார். அல்ட்ராசவுண்டில் கிரேடு என்பது, பக்கத்தில் இருக்கும் கிட்னியைவிடக் கல்லீரல் எவ்வளவு வெளுப்பாகத் தெரிகிறது என்று கண்ணால் பார்த்துப் போடுகிற மார்க்காம். கொஞ்சம் ஏறினாலும் இறங்கினாலும் அது அசையாது. அளந்து பார்க்க எம்.ஆர்.ஐ.தான் என்று எழுதிக் கொடுத்தார். நல்லவேளை, எடை குறைக்க ஆரம்பித்த சமயத்தில் வேறொரு வயிற்று வலிக்காக எடுத்த எம்.ஆர்.ஐ.யிலேயே கொழுப்புச் சதவீதம் போட்டிருந்தார்கள்: 18.2. இப்போது 10.6. ஐந்துக்குக் கீழே வந்தால்தான் நார்மல். ஆனால் நடந்த நடை வீண்போகவில்லை என்று காகிதத்தில் பார்த்தபோது வந்த சந்தோஷம் இருக்கிறதே!

எப்படி அளக்கிறார்கள் என்றும் கேட்டேன். தண்ணீரில் இருக்கும் ஹைட்ரஜனும் கொழுப்பில் இருக்கும் ஹைட்ரஜனும் காந்தத்துக்குள் ஒரே வேகத்தில் சுற்றாதாம். 1.5 டெஸ்லா மெஷினில் வித்தியாசம் வினாடிக்குச் சுமார் 220 சுற்று. அதை வைத்து இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துக் கணக்குப் போடுகிறார்கள். எக்ஸ்ரே மாதிரி கதிர்வீச்சும் கிடையாது.

இப்போது கேள்விக்கு வருகிறேன். ஒன்றரை வருஷம் முன்னாடி ஒரு கேம்ப்பில் ஃபைப்ரோஸ்கேன் (கல்லீரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று வெளியிலிருந்தே அளக்கிற மெஷின்) பார்த்தேன், கல்லீரல் விறைப்பு 9.4 கிலோபாஸ்கல். இப்போது எம்.ஆர்.ஐ.யில் 3.2 கிலோபாஸ்கல். மூன்றில் ஒரு பங்காகக் குறைந்திருக்கிறது! வீட்டில் சொல்லிவிட்டு, போன ஞாயிற்றுக்கிழமை நெய் ரோஸ்ட் வேறு சாப்பிட்டாயிற்று. இது முழுக்க குணமான கணக்குதானே?

பெரம்பூர் மகள்:

அண்ணா, உங்கள் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியாது. எங்கள் கதையைச் சொல்கிறேன்.

அம்மாவுக்கு 63 வயது. ஹெபடைடிஸ் சி மாத்திரையில் சரியாகிவிட்டது, ஆனால் அதற்குள் சிரோசிஸ், அதாவது கல்லீரல் தழும்பேறி இறுகிப்போகிற நோய், வந்துவிட்டது. அதனால் ஆறு மாசத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்ட். இந்த முறை ஒன்றரை சென்டிமீட்டரில் ஏதோ தெரிகிறது என்று சொல்லி, மருந்து போட்டு எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார்கள். முதலில் கிட்னி சரியாக இருக்கிறதா என்று பார்க்கிற கிரியாட்டினின் டெஸ்ட், அப்புறம் காலையிலிருந்து பட்டினி. அதெல்லாம் சரி. தாலியைக் கழற்றச் சொன்னதும் அம்மா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள்.

அங்கே இருந்த நர்ஸ் அக்கா பொறுமைசாலி. "தங்கம் கூடப் பரவாயில்லைம்மா, அதுல கோத்திருக்கீங்களே ஊக்கு, அதைத்தான் காந்தம் இழுக்கும்" என்றார். எண்ணிப் பார்த்தோம். தாலிச் சரட்டில் ஆறு ஊக்கு! புடவைக்கு, ஜாக்கெட்டுக்கு, பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு என்று சேர்த்து வைத்தவை. கடைசியில் நான் வாசலுக்கு ஓடி, பூக்கடையில் மஞ்சள் கயிறும் ஒரு மஞ்சள் கிழங்கும் வாங்கி வந்தேன். கிழங்கைக் கயிற்றில் முடிந்து கழுத்தில் கட்டிய பிறகுதான் தாலியைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். மெட்டியைக் கழற்ற சோப்புத் தண்ணீர் தேவைப்பட்டது.

அந்த நாள் ஸ்கேன் வீண். ஹெட்ஃபோனில் வந்தது பதிவு செய்த இங்கிலீஷ் குரல். "ஹோல்ட்" என்று சொல்லும்போது அம்மா ஊம் கொட்டியிருக்கிறாள். படமெல்லாம் கலங்கல். ரிப்போர்ட்டில் "நோயாளி ஒத்துழைக்கவில்லை" என்று எழுதிவிட்டார்கள். யார் ஒத்துழைக்கவில்லை? எனக்கு இன்னும் ஆறவில்லை. இரண்டாவது தடவை வேறு இடத்துக்குப் போனோம். அங்கே ஒரு தம்பி மைக்கில் தானே பேசினார்: "மூச்சை இழுங்கம்மா... விடுங்க... அப்படியே நிறுத்துங்க." முதல் நாள் மாலை வீட்டிலேயே பதினைந்து எண்ணி மூச்சடக்கப் பழக்கியிருந்தேன். மருந்து ஏற்றி, கல்லீரல் அதை உறிஞ்ச இருபது நிமிஷம் காத்திருந்து மறுபடி எடுத்தார்கள். படம் தெளிவாக வந்தது. அந்த முடிச்சும் மற்ற இடம் மாதிரியே மருந்தை வாங்கிக்கொண்டிருக்கிறது, இப்போதைக்குக் கேன்சர் மாதிரி இல்லை, மூன்று மாசம் கழித்துப் பார்ப்போம் என்றார் டாக்டர்.

ஸ்கேன் ரூம் ஆள்:

பன்னிரண்டு வருஷமாக எம்.ஆர்.ஐ. ரூமில் இருக்கிறேன். பெரம்பூர் அக்கா, அந்தக் குரல் விஷயம் நூற்றுக்கு நூறு உண்மை. மூச்சை வெளியே விட்டுவிட்டு நிறுத்தச் சொல்வதற்குக் காரணம், அப்போதுதான் கல்லீரல் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே இடத்தில் வந்து நிற்கும். இழுத்துப் பிடித்தால் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி இறங்கும்.

வேளச்சேரி சார், மன்னிக்கணும். உங்கள் 9.4-ம் 3.2-ம் கிட்டத்தட்ட ஒன்றுதான். நம்ம ஊரில் ஒரே வீட்டு வாசலில் பழைய எண், புதிய எண் இரண்டும் எழுதியிருக்குமே, அந்தக் கதை. ஃபைப்ரோஸ்கேனும் எம்.ஆர்.ஐ.யும் கிலோபாஸ்கல் என்று ஒரே பெயரைப் போட்டாலும் சூத்திரம் வேறு. ஃபைப்ரோஸ்கேன் எண் ஏறக்குறைய மூன்று மடங்கு பெரிதாக வரும். எம்.ஆர்.ஐ. கணக்கில் 2.5-க்குக் கீழே நார்மல், 5-ஐத் தாண்டினால் சிரோசிஸாக இருக்கலாம் என்று பார்ப்பார்கள். நடுவில் இருப்பதற்கு என்ன அர்த்தம் என்பதை உங்கள் டாக்டர்தான் ரத்தப் பரிசோதனையோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். வீக்கம் இருந்தாலும் எண் ஏறும்.

அன்று உங்கள் வலது விலாவில் தட்டு மாதிரி ஒன்றைக் கட்டினோமே, அது வினாடிக்கு 60 தடவை அதிரும். காற்றை அனுப்பும் மெஷின் வெளியே, குழாய் மட்டும் உள்ளே. அந்த அதிர்வு கல்லீரலில் அலையாக ஓடும். விறைத்த கல்லீரலில் வேகமாக ஓடும், அலையும் நீளமாக விழும். அதைத்தான் படம் பிடிக்கிறோம். இந்த முறையை முதலில் எழுதிய கட்டுரை 1995-இல் சயன்ஸ் பத்திரிகையில் வந்தது. அமெரிக்காவில் மேயோ கிளினிக்கில் செய்த வேலை, ஆனால் கட்டுரையின் முதல் பெயர் முத்துப்பிள்ளை. புதுப் பையன்களுக்குச் சொல்லிக் கொடுக்கும்போது இதைச் சொல்லாமல் விடமாட்டேன்.

இன்னொன்று. சாப்பிட்டுவிட்டு வராதீர்கள். சாப்பாட்டுக்குப் பிறகு கல்லீரலுக்கு ரத்த ஓட்டம் கூடும், விறைப்பும் கூடுதலாகக் காட்டும். "ரெண்டே ரெண்டு இட்லிதான் சார்" என்று வாரத்துக்கு ஒருவராவது வருகிறார்.

ஆவடி வாசி:

எனக்குப் பித்தக் குழாய் பார்க்க எடுத்தார்கள். உள்ளே போகுமுன் அன்னாசி ஜூஸ் குடிக்கச் சொன்னதும், பட்டினி கிடந்த என் மேல் இரக்கப்பட்டு வாங்கிக் கொடுக்கிறார்கள் என்று நினைத்துவிட்டேன். அதில் இருக்கும் மாங்கனீசு, வயிற்றில் உள்ள திரவம் படத்தில் வெள்ளையாகத் தெரிந்து குழாயை மறைக்காமல் பார்த்துக்கொள்ளுமாம்.

இருவாரக் கணக்கு:

என் மகளுக்குத் தலசீமியா, பரம்பரையாக வரும் ரத்தசோகை. மாசம் இரண்டு தடவை ரத்தம் ஏற்றுகிறோம். ஏற்றும் ரத்தத்தோடு இரும்பும் கல்லீரலில் சேரும். பல வருஷம் ரத்த டெஸ்ட்டில் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் எண்ணை மட்டும் நம்பிக்கொண்டிருந்தோம். ஒரு காய்ச்சல் வந்தாலே அது தாறுமாறாக ஏறும். இப்போது வருஷத்துக்கு ஒரு தடவை, இரும்பை அளக்கிற டி2 ஸ்டார் எம்.ஆர்.ஐ. ஊசி இல்லை, மருந்து இல்லை, இதயத்தையும் சேர்த்துப் பார்த்துவிடுகிறார்கள். முதல் தடவை கல்லீரலில் ஒரு கிராமுக்கு 11 மில்லிகிராம் இரும்பு, மாத்திரை அளவை மாற்றிய பிறகு 6.5. படத்தில் முன்பு கரியாக இருந்த கல்லீரல் இப்போது சாம்பல் நிறம். மகள் அதைத் தன் போனில் வைத்திருக்கிறாள்.

ஸ்கேன் ரூம் ஆள்:

இரும்பு அதிகமாக இருந்தால் அந்த அதிர்வுத் தட்டு ஸ்கேன் பல நேரம் தோற்றுப்போகும் சார். கல்லீரலே கறுப்பாகிவிட்டால் அலையை எங்கே பார்ப்பது? விறைப்பு பார்க்கச் சொன்னால் இரும்பு விவரத்தை முன்னாடியே சொல்லிவிடுங்கள்.

வேளச்சேரிக்காரன்:

ஸ்கேன் ரூம் தம்பி, என் 9.4, 3.2 பற்றி டாக்டரும் நீங்கள் சொன்னதையேதான் சொன்னார். கொழுப்பு இறங்கியது நிஜம், விறைப்பு அப்படியே இருக்கிறது. அடுத்த வருஷம் அதே இடத்தில், அதே மெஷினில் பார்க்கலாம் என்றார். நெய் ரோஸ்ட் விஷயத்தை நான் அவரிடம் சொல்லவில்லை, வீட்டம்மா சொல்லிவிட்டாள்.

பெரம்பூர் சகோதரி, அம்மாவுக்கு மூன்று மாசம் ஆகியிருக்குமே?

பெரம்பூர் மகள்:

நாளைக்குக் காலை ஏழு மணிக்கு அண்ணா. இரண்டாவது தடவை எடுத்த அதே இடம். ஊக்கையெல்லாம் இப்போதே கழற்றிச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, மஞ்சள் கயிறோடு உட்கார்ந்து பதினைந்து எண்ணிக்கொண்டிருக்கிறாள்.